செயலாளரின் கித்தான் பை

கோணி ஊசி கித்தானுக்குள் இறங்கி மறுபக்கம் வந்தது. வலது கை நூலை இழுத்தது. இடது கையின் கட்டைவிரல் தையல் விழுந்த இடத்தை அழுத்தித் தடவியது. அங்குலத்துக்கு நான்கு தையல். அதற்கு மேல் போட்டால் ஊசி போன வழியே துணி கிழியும், குறைத்தால் பாரம் ஏறும்போது வாய் பிளக்கும். முப்பது வருடமாக அந்தக் கைகள் எண்ணாமலேயே அந்த அளவைப் போட்டு வந்தன. அன்று மட்டும் அளவு தப்பியது. ஒரு அங்குலத்தில் மூன்று விழுந்தது, அடுத்ததில் ஐந்து, அதற்கடுத்ததில் மறுபடி மூன்று. கைகள் நின்றன. ஊசிமுனையால் நெம்பி, பதினோரு தையலையும் ஒவ்வொன்றாகப் பிரித்தன.

சுவர்க் கடிகாரம் மூன்றேகால் காட்டியது.

அந்தக் கைகளுக்குரியவர் செல்வராணி. வயது ஐம்பத்திரண்டு. தூத்துக்குடித் துறைமுகச் சாலையில் லாரி ஷெட்டுகளுக்கு நடுவே அவருடைய தார்ப்பாய்க் கடை இருக்கிறது. ஏரலிலிருந்து வந்து அப்பா அய்யாக்குட்டி தொடங்கிய கடை. உப்பு ஏற்றும் லாரிக்கும், மரத்தடி ஏற்றும் லாரிக்கும், மாட்டுத்தீவனம் ஏற்றும் லாரிக்கும் வேண்டிய தார்ப்பாய் அங்கே தைக்கப்படுகிறது. அந்தக் கடையின் பின்பக்க மேசையிலிருந்துதான், ஆறு வருடமாக, ஐந்து மாநிலங்களின் மனநோய்க் குடும்பங்களுக்கான வேலைகளையும் அவர் பார்த்து வந்தார். அகில இந்திய மனநலக் குடும்பங்கள் பேரவையின் தென்மண்டலச் செயலாளர் அவர். மூன்று மூன்று வருடமாக இரண்டு முறை இருந்தாகிவிட்டது. விதிப்படி மூன்றாவது முறை கிடையாது. அடுத்து வருகிறவரிடம் ஆவணங்களைக் கொடுப்பதற்காகத்தான் இந்தப் பையைத் தைத்துக்கொண்டிருந்தார்.

பை தைக்க ஒரு காரணம் இருந்தது. அவருக்கு முன்னால் இருந்தவர் மூன்று பிளாஸ்டிக் கவர்களில் ரப்பர் வளையம் போட்டு ஆவணங்களைக் கொடுத்தார். விஜயவாடா ரயில் நிலையத்தில் மழை. ஒரு கவருக்குள் தண்ணீர் போய், பழைய மனுக்கள் இருபதில் மை கரைந்து ஒன்றும் படிக்க முடியாமல் ஆயிற்று. தார்ப்பாய் தைப்பவர் கையில் வந்த தாள் மழையில் நனைந்தது செல்வராணிக்குத் தாங்கவில்லை. தன் முறை வரும்போது நனையாத பையில் கொடுப்பது என்று அன்றே முடிவு செய்துவிட்டார்.

ஆனால் அந்தப் பிற்பகலில் தையல் தப்பியது பையை நினைத்து அல்ல. நான்கு மணிக்குள் அவருடைய தம்பி சுடலைக்கண்ணன், நாற்பது கிலோமீட்டர் தள்ளி நாசரேத்தில், தேர்தல் அலுவலர் முன்னால் உட்கார்ந்து ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் அவருடைய வேட்புமனு தள்ளுபடியாகும். செயலாளர் பொறுப்புக்கு நோயுள்ளவர்களிலிருந்து வரும் முதல் ஆள் என்ற வாய்ப்பு அதோடு போகும். கண்ணன் காலை பதினோரு மணிக்கே தனியாகக் கிளம்பிப் போயிருந்தார். இருபத்தாறு வருடத்தில் அவர் தனியாகப் பேருந்து ஏறியது அன்றுதான்.

தப்பு முழுக்கச் செல்வராணியுடையது.

சுடலைக்கண்ணனுக்குப் பத்தொன்பது வயதில் நோய் வந்தது. பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு. யாரோ தன்னைப் பற்றிப் பேசுவது காதில் விழுகிறது என்று முதலில் சொன்னார். பிறகு பேசுகிறவர்களுக்குப் பதில் சொல்லத் தொடங்கினார். குடும்பம் கோயிலுக்குப் போனது, தர்காவுக்குப் போனது, மாதா கோயிலுக்கும் போனது. எல்லா இடத்திலும் நல்ல மனிதர்கள் இருந்தார்கள், நோயும் இருந்தது. அரசு மருத்துவமனையில் இதற்கென்று ஒரு பிரிவு இருப்பது இரண்டு வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அங்கே மருத்துவர் மனச்சிதைவு என்று பெயர் சொன்னார், மாத்திரை எழுதினார். குரல்கள் தணிந்தன. கை நடுங்கத் தொடங்கியது.

அந்த நடுக்கத்தில் கையெழுத்து ஒருநாள் போல் ஒருநாள் இருக்கவில்லை. வங்கியில் மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். நான்காம் முறை வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, படிவத்தில் தம்பியின் பெயரைச் செல்வராணியே எழுதிக் கொடுத்தார். வாங்கிக்கொண்டார்கள். அவருக்கு அது தப்பாகப் படவில்லை. தார்ப்பாயைத் தூக்கும்போது கையில் வலு இருக்கிறவர் கனமான முனையைப் பிடிக்கிறார். அப்படி ஒன்று என்றுதான் நினைத்தார். பிறகு மருத்துவமனைச் சீட்டு, ரேஷன் கடை, மாற்றுத்திறனாளி அட்டைக்கான விண்ணப்பம், கைபேசிக்கு சிம் என்று எல்லாவற்றிலும் அ. சுடலைக்கண்ணன் என்ற பெயர் செல்வராணியின் உருண்டையான எழுத்தில் விழுந்தது. பேரவையின் உறுப்பினர் படிவத்திலும் அப்படித்தான்.

செல்வராணியைப் பெண் கேட்டு வந்தவர்கள் உண்டு. தம்பியை எங்கே விடுவாய் என்று கேட்டார்கள். எங்கேயும் விட மாட்டேன் என்றார். ஸ்ரீவைகுண்டத்துக்காரர் ஒருவர் மட்டும் யோசித்துச் சொல்கிறேன் என்று போனார். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார் என்று செல்வராணி இப்போதும் சிரித்துக்கொண்டே சொல்வார்.

பத்து வருடத்துக்கு மேல் கழித்து மருத்துவர் மருந்தை மாற்றினார். நடுக்கம் பெரும்பாலும் நின்றது. அதற்குள் கண்ணன் கடையில் தார்ப்பாயின் ஓரத்தில் பித்தளை வளையம் அடிக்கிற வேலையை எடுத்துக்கொண்டிருந்தார். முழம் போட்டு, குறி வைத்து, ஒரே அடியில் வளையத்தை இறக்குவார். அடித்து முடித்து எல்லா வளையத்தையும் எண்ணிப் பார்த்தபிறகுதான் சரக்கு கடையை விட்டு வெளியே போகும். லாரி ஓட்டுநர்கள் அவசரப்படுத்தினால், முதலிலிருந்து எண்ணுவார். கை சரியாகிவிட்டது. கையெழுத்து மட்டும் அக்காவிடமே தங்கிவிட்டது. கண்ணன் திரும்பக் கேட்கவில்லை, செல்வராணிக்கும் கொடுக்கத் தோன்றவில்லை.

பேரவையில் செல்வராணி இந்த உயரத்துக்கு வந்தது பேச்சால் அல்ல. மருத்துவமனையில் புதன்கிழமைதோறும் மனநலப் பிரிவு. காலை ஏழு மணிக்கே வரிசை தொடங்கும். வெயில் ஏறியபிறகும் குடும்பங்கள் வெளியில்தான் நிற்க வேண்டும். ஒரு புதன்கிழமை கடையில் கிடந்த பழைய தார்ப்பாயைக் கொண்டுபோய், வேப்பமரத்துக்கும் சுற்றுச்சுவருக்கும் நடுவில் நான்கு கயிறு போட்டுக் கட்டினார். நிழலுக்கு வந்த ஆறு குடும்பங்கள் ஒன்றோடொன்று பேசத் தொடங்கின. அதுதான் முதல் கூட்டம். இரண்டாம் கூட்டத்துக்குச் செல்வராணி ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். யார் எந்த மாத்திரை இல்லாமல் திரும்பினார், எத்தனை நாளாக அந்த மாத்திரை இல்லை, யார் என்ன பதில் சொன்னார் என்று தேதி போட்டு எழுதினார். அழுதுகொண்டு கேட்டவர்களுக்கு ஆறுதல் கிடைத்தது. தேதி போட்டு எழுதிக் கொடுத்தவருக்கு மருந்து கிடைத்தது. இரண்டு வருடத்தில் ஸ்ரீவைகுண்டத்துக் குடும்பங்கள் மாத்திரைக்காகத் தூத்துக்குடி வரை வர வேண்டிய தேவை இல்லாமல் போயிற்று.

நோட்டு பெரிதாகிக்கொண்டே போனது. மாவட்டச் செயலாளர் ஆனார். மாநிலக் குழுவில் எடுத்தார்கள். மனநலச் சட்டம் வந்தபோது, ஆங்கிலத்தில் இருந்ததை அகராதியை மடியில் வைத்துக்கொண்டு பென்சிலால் வரிக்கு வரி குறித்துப் படித்தார். தைக்கிற நேரம் போக, எட்டு மாதம் ஆயிற்று. தில்லியில் அவருடைய முதல் தேசியச் செயற்குழு. பேராசிரியர்களும் ஓய்வுபெற்ற அதிகாரிகளும் இருந்த மேசையில் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டார்கள். தமிழில் சொன்னார். மொழிபெயர்த்தவர் மரியாதைக்காக ஜவுளித் தொழில் என்று சொன்னார். செல்வராணி அவரை நிறுத்தி, அது இல்லை, லாரிக்குப் படங்கு தைக்கிறேன் என்று திருத்தினார். அன்றைய நடவடிக்கைக் குறிப்பில் அப்படியே பதிவாக வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஹைதராபாத் பொதுக்குழுவில் அவர் கொண்டுவந்த திருத்தம்தான் பேரவையில் அவர் செய்த பெரிய காரியம். அதுவரை பொறுப்புகளுக்குக் குடும்பத்தினர் மட்டுமே போட்டியிடலாம், நோயுள்ளவர் பயனாளி. நம்முடைய கூட்டத்தில் நம் பிள்ளைகளுக்குப் பார்வையாளர் வரிசைதான் என்றால், மருத்துவமனையை நாம் எந்த முகத்தோடு குறை சொல்வது என்று கேட்டார். திருத்தம் நிறைவேறியது. கைதட்டினார்கள். அதன் பிறகு யாரும் போட்டியிட முன்வரவில்லை.

இந்த வருடம் செல்வராணியின் பொறுப்பு முடிய நான்கு மாதம் இருக்கும்போது, ஒரு மத்தியானம் வளையம் அடித்துக்கொண்டே கண்ணன் சொன்னார்:

“எக்கா, நான் நிக்கலாம்னு பாக்கேன்.”

“எங்கலே?”

“நீ எந்திரிக்கிற இடத்துல.”

செல்வராணி தையல் இயந்திரத்தை நிறுத்தினார். அங்கே ஐந்து மாநிலக் கடிதங்கள் வரும், ரயிலில் போக வேண்டும், கூட்டத்தில் ஆட்கள் சத்தம் போடுவார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். கண்ணன் எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை. சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

“அந்தத் திருத்தம் அடுத்த வீட்டுப் பிள்ளைகளுக்கா எக்கா?”

அன்று மாலையே செல்வராணி படிவத்தைத் தரவிறக்கி எடுத்து வந்தார். கடை மேசையில் வைத்து நிதானமாக நிரப்பினார். முன்மொழிபவர் திருவனந்தபுரத்துக் குழு, வழிமொழிபவர் தூத்துக்குடிக் குழு. கண்ணன் தேநீர் குடிக்கப் போயிருந்தார். படிவத்தின் கடைசியில் வேட்பாளர் கையெழுத்து என்று ஒரு கோடு இருந்தது. செல்வராணியின் கை அந்தக் கோட்டில் அ. சுடலைக்கண்ணன் என்று எழுதியது. எழுதியதை அவர் கவனிக்கவே இல்லை. மூன்று முறை சரிபார்த்தார், பெயர், வயது, உறுப்பினர் எண் எல்லாம் சரி. உறையில் போட்டுப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு வந்தார்.

தேர்தல் அலுவலர் ஜெபசெல்வி. நாசரேத்தில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய மகனுக்கும் நோய் உண்டு. அந்த வேப்பமரத்தடி ஆறு குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. செல்வராணியின் கூட்டக் குறிப்புகளைப் பதினேழு வருடமாகப் படித்து வருகிறவர். மனுத் தாக்கல் முடிந்த மறுநாள் தொலைபேசியில் கூப்பிட்டார்.

“ஏளா செல்வராணி, இந்தக் கையெழுத்து ஆரு போட்டது?”

செல்வராணிக்கு அந்த நிமிடம்தான் தெரிந்தது.

“அப்பா கையெழுத்தைப் பிள்ளைங்க போட்டு முப்பது வருசம் பிடிச்சிருக்கேன். தம்பி கையெழுத்தை அக்கா போட்டு இப்பதான் பாக்கேன். முட்டி போடச் சொல்லவும் வயசில்ல ஒனக்கு.”

“டீச்சர், நான் வேணும்னு போடல. கை போட்டுட்டு.”

“தெரியும். அதான் எனக்குப் பயமா இருக்கு.”

ஜெபசெல்வி விதியைப் படித்துக் காட்டினார். பரிசீலனை நாளான சனிக்கிழமை, மாலை நான்கு மணிக்குள் வேட்பாளர் நேரில் வந்து, தேர்தல் அலுவலர் முன்னிலையில் புதிய படிவத்தில் கையெழுத்திட்டால் மனு செல்லும். அதற்குப் பிறகு கிடையாது. செல்வராணி உடனே, நான் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றார். ஜெபசெல்வி இடைமறித்தார்.

“நீ வராத. அவனை வரச் சொல்லு.”

விஷயம் குழுக்களுக்குள் பரவியது. எதிர்த்து நிற்பவர் சாத்தான்குளத்து அற்புதமணி. ஓய்வுபெற்ற வங்கி மேலாளர், மகளுக்காக இருபது வருடம் அலைந்தவர், நல்ல மனிதர். நாக்கு மட்டும் சும்மா இருக்காது. அக்கா எழுந்தால் தம்பி உட்கார்கிறான், தம்பி எழுந்தால் உட்கார அந்தப் படங்குக் கடையில் இன்னும் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேட்டாராம். கேட்டுவிட்டு, தன் வங்கியில் அந்தக் கையெழுத்து வந்திருந்தால் தானும் வாங்கித்தான் இருப்பேன் என்றும் சொன்னாராம். இரண்டும் செல்வராணியின் காதுக்கு வந்தன. இரண்டாவதுதான் அதிகம் உறுத்தியது.

சனிக்கிழமை காலை கண்ணன் துவைத்த சட்டை போட்டு, தண்ணீர்ப் பாட்டில் எடுத்துக்கொண்டார். மாத்திரையால் நாக்கு வறளும். பாட்டில் இல்லாமல் அவர் எங்கும் போவதில்லை. ஏரலில் பேருந்து மாற வேண்டும் என்று செல்வராணி நான்கு முறை சொன்னார். ஐந்தாம் முறை சொல்ல வாயெடுத்தபோது கண்ணன், நான் பிறந்த ஊரு எக்கா அது, என்றார். கைபேசியை அணைத்து வைக்கப்போவதாகவும் சொன்னார்; அது அடித்தால் பதற்றம் வரும், பதற்றம் வந்தால் கை நடுங்கும்.

ஆகவே செல்வராணிக்குக் கூப்பிடவும் வழியில்லை. தார்ப்பாய் வாங்க வந்த மாரிச்செல்வம் என்ற லாரி ஓட்டுநர், வளையம் அடிக்க ஆள் எங்கே என்று கேட்டார். கண்ணன் வெளியூர் போயிருக்கிறான் என்று சொன்னபோது, அந்தச் சொல் தன் வாயில் புதிதாக இருப்பதைச் செல்வராணி உணர்ந்தார். மாரிச்செல்வம் வேறு யாரிடமும் கொடுக்க வேண்டாம், திங்கட்கிழமை வாங்கிக்கொள்கிறேன் என்று போய்விட்டார். மூன்றேகாலுக்குப் பதினோரு தையலைப் பிரித்தார். நான்கு மணிக்கு ஊசியை மெழுகுக் கட்டியில் குத்தி வைத்துவிட்டுக் கைகளை மடியில் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் தைக்கவில்லை.

ஆறு மணிக்குச் சற்று முன்னால் கண்ணன் வந்தார். சட்டை முதுகில் உப்புப் பூத்திருந்தது. பாட்டில் காலி. முதலில் குடத்திலிருந்து தண்ணீர் குடித்தார். செல்வராணி எதையும் கேட்காமல் நின்றார். அது அவருக்குச் சுலபமாக இல்லை.

நடந்ததைக் கண்ணன் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். ஏரலில் சந்தை நாள் போலக் கூட்டம். முதல் பேருந்தை விட்டுவிட்டார். உள்ளே சத்தம் அதிகமாக இருந்தது. இரண்டாவதையும் விட்டார். பாலத்துப் பக்கம் போய் ஆற்றைப் பார்த்துக்கொண்டு சற்று நேரம் நின்றார். பழைய குரல்களில் ஒன்று வந்து, நீ போய் என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டது. கையெழுத்துப் போடப் போகிறேன் என்று அதற்குப் பதில் சொல்லிவிட்டு மூன்றாவது பேருந்தில் ஏறினார். ஜெபசெல்வி வீட்டுக்குப் போய்ச் சேரும்போது மூன்று நாற்பது. அற்புதமணியும் அங்கே உட்கார்ந்திருந்தார். பரிசீலனையில் இருக்க அவருக்கு உரிமை உண்டு. இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருக்க, கை நடுங்கியது. கையெழுத்து கோட்டுக்கு மேலே ஏறி, கீழே இறங்கி ஒரு வழியாக முடிந்தது.

அற்புதமணி அதைத் திருப்பிப் பார்த்து, இது உறுப்பினர் படிவத்தில் உள்ள கையெழுத்து மாதிரி இல்லையே என்றாராம்.

“நீ என்னலே சொன்ன?” இப்போது செல்வராணியால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

“அண்ணாச்சி, அது எங்க அக்கா போட்டது. இதுதான் என் கையெழுத்து. நாளைக்குப் போட்டா வேற மாதிரி இருக்கும், ஆளு நான்தான்னு சொன்னேன்.”

“அவுக?”

“டீச்சர் சீல் குத்திட்டாக. அண்ணாச்சி என்னையக் காரில ஏரல் வரைக்கும் கொண்டாந்து விட்டாரு. வழியெல்லாம் எனக்கு ஓட்டுப் போடாதீங்கன்னு எப்படிப் பேசப்போறார்னு எங்கிட்டயே சொல்லிப் பாத்தாரு. நல்லாத்தான் இருந்தது.”

செல்வராணி சிரித்தார். சிரித்து முடித்தபிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பிரித்துப் போட்டிருந்த இடத்திலிருந்து பையை மறுபடி தைக்க உட்கார்ந்தார். அங்குலத்துக்கு நான்கு விழுந்தது.

அடுத்த மாதம் மண்டலப் பொதுக்குழு தூத்துக்குடியிலேயே கூடியது. முப்பத்தொரு பிரதிநிதிகள். செல்வராணி ஆறு வருட அறிக்கையை வாசித்தார். கடைசிப் பத்தி அச்சில் இல்லை. கையால் எழுதி ஒட்டியிருந்தார். வேட்பாளர் சுடலைக்கண்ணனின் கையெழுத்தை அவர் அறியாமல் தான் இட்டதாகவும், இருபது வருடத்துக்கு மேலாக அவ்வாறே செய்து வந்ததாகவும், மருந்து மாறிக் கை சரியானபிறகும் நிறுத்தாதது தன் தவறு என்றும், இது நடவடிக்கைக் குறிப்பில் பதியப்பட வேண்டும் என்றும் வாசித்தார். கோட்டயத்திலிருந்து வந்த ஒரு தாய் தன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகனை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

அற்புதமணி பத்து நிமிடம் நன்றாகப் பேசினார். கண்ணனுக்கு நான்கு நிமிடம் போதுமாக இருந்தது. எழுதி வைத்திருந்த தாளை எடுத்தார், தாள் ஆடியது, மடித்துப் பையில் வைத்துவிட்டு நேராகப் பேசினார்.

“இருபத்தாறு வருசமா எனக்குப் பதிலா எங்க அக்கா பேசுனா. தப்பா ஒண்ணும் பேசல. ஆனா பல நேரம் நான் சொல்ல நினைச்சது அது இல்ல.”

பிறகு கூட்டங்களைப் பற்றிச் சொன்னார். காலை ஒன்பது மணிக்குக் கூட்டம் வைக்கிறீர்கள். இரவு மாத்திரை போட்டவனுக்கு ஒன்பது மணிக்குத் தலை நிமிராது. பதினொன்றுக்கு வையுங்கள். தண்ணீரை மேடையில் மட்டும் வைக்கிறீர்கள். நாக்கு வறள்வது கீழே உட்கார்ந்திருக்கிற எங்களுக்கு. முதலில் சிலர் சிரித்தார்கள். அப்புறம் பின்வரிசையில் ஒருவர் எழுந்து, மேடையிலிருந்த தண்ணீர்க் குடுவையை எடுத்துக் கீழே கொண்டுபோய் வைத்தார். வைத்தவர் அற்புதமணியின் மகள்.

பதினேழுக்குப் பதினான்கு. கண்ணன் ஜெயித்தார். அற்புதமணி கை கொடுத்தார். துணைச் செயலாளராக இருக்கச் சம்மதமா என்று கண்ணன் கேட்டதற்கு, கடிதங்களை நான் எழுதுகிறேன், கையெழுத்து மட்டும் நீதான் போட வேண்டும் என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். செல்வராணியும் சேர்ந்துதான் சிரித்தார்.

பொறுப்பு ஒப்படைக்கும்போது பேரவையில் ஒரு வழக்கம் உண்டு. போகிறவர் ஆவணப் பட்டியலை வாசிப்பார், வருகிறவர் பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்திடுவார், படம் எடுப்பார்கள், சாப்பிடப் போவார்கள். இரண்டு நிமிட வேலை. செல்வராணி கித்தான் பையை மேசை மேல் வைத்துப் பட்டியலை வாசித்தார். இருபத்துமூன்று உருப்படி. படம் எடுக்கிறவர் தயாராக நின்றார். கண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பையைத் திறந்து, ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் பட்டியலோடு ஒத்துப் பார்க்கத் தொடங்கினார்.

சாப்பாட்டு வாசனை வந்துகொண்டிருந்தது. ஜெபசெல்வி, எண்ணட்டும், எண்ணட்டும் என்றார். லாரி ஓட்டுநர்களைப் போல யாரும் அவசரப்படுத்தவில்லை.

“எக்கா, இருபத்துமூணுன்னு எழுதியிருக்க. இருபத்திரெண்டுதான் இருக்கு. பதினெட்டாவது இல்ல.”

பதினெட்டாவது என்னவென்று செல்வராணிக்குத் தெரியும். பட்டியல் எழுதிய கைக்கு எதையும் விட்டு எழுதத் தெரியாது, அதனால் எழுதிவிட்டார். ஆனால் காலையில் பையில் அடுக்கும்போது அதை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டார். தோளில் மாட்டியிருந்த தன் கைப்பையைத் திறந்தார். நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தார். முதல் வேட்புமனு. குறுக்கே ஜெபசெல்வியின் சிவப்பு மையில் செல்லாது என்று எழுதியிருந்தது. கீழே கோட்டின் மேல் அ. சுடலைக்கண்ணன் என்று உருண்டையான, ஒரே சீரான எழுத்து.

கண்ணன் அதை விரித்தார். மடிப்புகளை உள்ளங்கையால் தேய்த்துச் சமன் செய்தார்.

“நல்லாத்தான் போட்டிருக்க,” என்றார். பதினேழாவதுக்கும் பத்தொன்பதாவதுக்கும் நடுவில் அதைச் சொருகினார். மறுபடி முதலிலிருந்து எண்ணினார். இருபத்துமூன்று.

பேனா செல்வராணி பக்கம் கிடந்தது. அவர் கை அதை எடுத்தது, மூடியைக் கழற்றியது. பிறகு பேனாவைத் திருப்பிப் பிடித்துத் தம்பியிடம் நீட்டியது. அரங்கமே பார்த்துக்கொண்டிருந்ததால் கண்ணனின் கை லேசாக நடுங்கியது. அவர் அவசரப்படாமல் எழுதினார். எழுத்து கோட்டை விட்டு மேலே போய், இறங்கி வந்து, முடிந்தது.

செல்வராணி ஆவணங்களைப் பைக்குள் அடுக்கினார், மடிப்பை இறக்கிக் கயிற்றைப் பித்தளை வளையங்களில் கோத்து இறுக்கினார். அந்த வளையங்கள் கண்ணன் அடித்தவை. பையை இரண்டு கைகளாலும் தூக்கி, புதிய செயலாளரிடம் கொடுத்தார்.